மரவாசம் வேண்டாத பீப்பாய்கள்

டப்ளின் கின்னஸ் ஆலையின் பீப்பாய்ப் பட்டறையில் முகர்வதையே பிழைப்பாகக் கொண்ட ஆட்கள் இருந்தார்கள். மதுக்கடைகளிலிருந்து காலியாகித் திரும்பிய மரப் பீப்பாய்களை வரிசையாக உருட்டி நிறுத்துவார்கள். முகர்பவர் ஒவ்வொன்றின் துளையிலும் மூக்கை வைத்து இழுத்துப் பார்ப்பார். இது நிரப்பத் தயார், இது மறுபடி கழுவ வேண்டியது, இது பலகையைக் கழற்றிச் செப்பனிட வேண்டியது என்று அந்த ஒரு மூச்சிலேயே முடிவாகிவிடும். எந்த வாடையும் வராத பீப்பாய்தான் அவருக்கு நல்ல பீப்பாய். இன்றைக்கு ஓக் பீப்பாயில் முதிரவைத்த காட்டமான கைவினை பீரைக் கையில் எடுப்பவர் இதற்கு நேர்மாறானதைத் தேடுகிறார்: வெனிலா, தேங்காய், கருகிய சர்க்கரை, லேசான புகை. மரம் எவ்வளவு பலமாகப் பேசுகிறதோ அவ்வளவு உயர்ந்த பீர் என்று மதிப்பெண் போடுகிறார்கள். அதோடு நில்லாமல், முன்னோர்கள் இப்படித்தான் குடித்தார்கள், எஃகுத் தொட்டி வந்ததால் இழந்த சுவையை மீட்டெடுத்திருக்கிறோம் என்றும் சொல்கிறார்கள். அந்தச் சுவையின் மீது எனக்குக் குறை இல்லை. அதற்குச் சொல்லப்படும் வயதுதான் தவறு. பீரில் மரத்தின் சுவையைத் தேடுவது பெரும்பாலும் கடந்த 30 ஆண்டுப் பழக்கம். அதற்கு முந்தைய 200 ஆண்டுகளில் ஓக் மரத்தில் பீரைக் கிடத்தியவர்கள் வேறொன்றை விரும்பினார்கள். அதற்கு அதிக விலையும் கொடுத்தார்கள். நாம் இப்போது அதைக் கெட்டுப்போனது என்கிறோம்.

18ஆம் நூற்றாண்டு லண்டனிலிருந்து தொடங்கலாம். நகரத்துச் சுமைதூக்கிகள் விரும்பிக் குடித்ததால் போர்ட்டர் என்று பெயர்பெற்ற கரும்பழுப்பு பீரில் அன்று இரண்டு தரம் உண்டு. ஆலையிலிருந்து வந்த சூட்டோடு விற்பது இளசு; மாதக்கணக்கில் மரத்தில் கிடந்தது பழசு. பழசு என்பதற்கு அவர்கள் பயன்படுத்திய ஆங்கிலச் சொல்லுக்கு இன்று ஊசிப்போனது என்று பொருள். அன்று அது பாராட்டு. பழைய அரிசிக்குப் புது அரிசியைவிட விலை கூட என்பதை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பழசு பீருக்கும் அப்படியே விலை கூட இருந்தது. எந்த அளவுக்கு என்றால், கையில் காசுள்ளவர்கள் ஆலையில் இளம் பீரை மொத்தமாக வாங்கித் தங்கள் நிலவறைகளில் போட்டு வைத்து, பழசான பின் மதுக்கடைகளுக்கு விற்று லாபம் பார்த்தார்கள். அந்த லாபம் வெளியாருக்குப் போவானேன் என்று பிறகு ஆலைக்காரர்களே முதிரவைக்கும் வேலையில் இறங்கினார்கள். மாதக்கணக்கில் சரக்கை முடக்கிவைக்கப் பெருமுதல் வேண்டும். 1781இல் சவுத்வார்க்கில் இருந்த திரேல் குடும்பத்தின் ஆலை 1,35,000 பவுண்டுக்குக் கைமாறியது. விற்றவர்களில், இறந்துபோன நண்பரின் உயிலை நிறைவேற்றும் பொறுப்பிலிருந்த அகராதி ஆசிரியர் சாமுவேல் ஜான்சனும் ஒருவர். பெருமுதலோடு கூடவே பெருந்தொட்டிகளும் வந்தன.

அந்தத் தொட்டிகளின் அளவை நமக்கு மறக்கமுடியாதபடி உணர்த்துவது ஒரு துயரம். டாட்டன்ஹாம் கோர்ட் சாலை முனையில் மியூ நிறுவனத்தின் ஹார்ஸ் ஷூ ஆலை இருந்தது. 1814 அக்டோபர் 17ஆம் தேதி மாலை அங்கே 22 அடி உயர மரத்தொட்டி ஒன்றிலிருந்து ஓர் இரும்பு வளையம் கழன்று விழுந்தது. அதை ஆலையின் சரக்கறைக் கணக்கர் பார்த்தார். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை நடப்பதுதான் என்பதால் செப்பனிடச் சொல்லிக் குறிப்பு எழுதிக்கொண்டார். ஒரு மணி நேரத்தில் தொட்டி வெடித்தது. பக்கத்துத் தொட்டிகளையும் உடைத்துக்கொண்டு, பின்சுவரைத் தகர்த்து, செயின்ட் கைல்ஸ் பகுதியின் ஏழைக் குடியிருப்புகளுக்குள் பீர் பாய்ந்தது. எட்டுப் பேர் இறந்தார்கள், எல்லோரும் பெண்களும் குழந்தைகளும். அவர்களில் ஐந்து பேர், இறந்த இரண்டு வயதுக் குழந்தைக்குத் துக்கம் காக்க நிலவறையில் கூடியிருந்த ஐரிஷ் மக்கள். விசாரணை மன்றம் அதை விபத்து என்று முடித்துவிட்டது. அந்த முதல் தொட்டியில் 3,555 பீப்பாய் போர்ட்டர் இருந்தது, வயது சுமார் 10 மாதம். இன்றைய அளவில் 5.8 லட்சம் லிட்டருக்கு மேல்.

இந்த எண்ணை ஒரு சின்னக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். 22 அடி உயரத்தில் அவ்வளவு கொள்ளும் உருளைத் தொட்டியின் குறுக்களவு சுமார் 10.5 மீட்டர் இருக்க வேண்டும். அதன் உட்பரப்பை உள்ளிருக்கும் பீருக்குப் பங்கிட்டால், ஒரு லிட்டர் பீருக்கு 7 சதுர சென்டிமீட்டர் மரம்தான் கிடைக்கும். இன்று கைவினை ஆலைகள் பயன்படுத்தும் 200 லிட்டர் விஸ்கிப் பீப்பாயில் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 100 சதுர சென்டிமீட்டர். மரத்தின் சுவை வேண்டும் என்று நினைப்பவர், சிறு பீப்பாய்களை விட்டுவிட்டு இப்படியொரு தொட்டியைக் கட்டமாட்டார். அதிலும் ஒரே தொட்டியை ஆண்டுக்கணக்கில் மறுபடி மறுபடி நிரப்பினார்கள். மரத்தில் கரையக்கூடியதில் பெரும்பகுதி முதல் சில நிரப்பலிலேயே கரைந்து போயிருக்கும்.

அப்படியானால் அந்த 10 மாதத்தில் பீருக்கு என்ன நேர்ந்தது? பதில் தெரிய 1904 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹன்சன் 1883இல் ஒற்றை வகை ஈஸ்ட்டைத் தனியே பிரித்து வளர்க்கும் வழியைக் கண்டுபிடித்திருந்தார். ஐரோப்பாவின் லாகர் ஆலைகள் அதைக் கொண்டாடி ஏற்றன. ஆனால் இங்கிலாந்தில் நெடுநாள் கிடக்க வேண்டிய காட்டமான பீருக்கு அந்தத் தூய ஈஸ்ட் உதவவில்லை. பீர் நொதித்தது, ஆனால் முதிரவில்லை; பழசுக்குரிய மணம் அதில் ஏறவேயில்லை. இந்தப் புதிரை அவிழ்த்தவர் அதே கார்ல்ஸ்பெர்க்கைச் சேர்ந்த நீல்ஸ் கிளவுஸன். முதல் நொதிப்பு முடிந்து மாதங்கள் கழித்து, மிஞ்சிய கடினமான சர்க்கரைகளை மெல்லத் தின்று வாழும் இன்னொரு ஈஸ்ட்தான் அந்த மணத்தைத் தருகிறது என்று அவர் லண்டனில் பீர் தயாரிப்புத் தொழில் சபை ஒன்றின் முன் விளக்கினார். பிரிட்டனின் பூஞ்சை என்ற பொருளில் பிரெட்டனோமைசஸ் என்று பெயரும் வைத்தார். குதிரை லாயம், பதனிட்ட தோல், உலர்ந்த வைக்கோல், அன்னாசி என்று அதன் மணத்தை இன்று வர்ணிக்கிறார்கள். இந்த ஈஸ்ட்டை அந்நாளைய ஆலைக்காரர் யாரும் வாங்கிப் போடவில்லை. பலகைகளின் துளைகளிலும் இடுக்குகளிலும் அது தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தது. மரம் அதற்கு இடம் கொடுத்தது, மூச்சுவிடக் கொஞ்சம் காற்றும் கசியவிட்டது. தயிர்ப் பானையைத் தேய்த்துக் கழுவினாலும் அடுத்த நாள் பாலுக்கு உறை அதிலேயே மிச்சம் இருப்பதைப் போன்ற ஏற்பாடு இது.

மரத்தின் சொந்தச் சுவையை அவர்கள் தள்ளிவைத்ததற்குப் பீப்பாய் கட்டுபவர்களின் தொழில்முறையே சாட்சி. புதுப் பீப்பாயைக் கொதிநீராலும் நீராவியாலும் உப்பு, சோடாக் கரைசலாலும் திரும்பத் திரும்ப ஊறவைத்து, மரத்தின் நிறமும் துவர்ப்பும் வடிந்த பிறகே பீரை ஊற்றினார்கள். இங்கிலாந்தின் ஆலைகள் விரும்பி வாங்கியது பால்டிக் கடற்கரையின் மேமல் துறைமுகத்திலிருந்து வந்த ஓக். மேமல் இன்று லிதுவேனியாவின் கிளைப்பேடா. பீரில் சுவை ஏற்றாத மரம் என்பதுதான் அதன் மதிப்பு. அட்லாண்டிக் கடந்து வந்த அமெரிக்க வெள்ளை ஓக் மலிவாகக் கிடைத்தும், பீரில் அதன் வாசம் ஏறுகிறது என்று பலர் ஒதுக்கினார்கள். டப்ளின்காரர்கள் அமெரிக்க ஓக்கைத்தானே பயன்படுத்தினார்கள் என்று கேட்கலாம், அது உண்மைதான். ஆனால் வறுத்த பார்லியின் கசப்புக்கு முன்னால் மரத்தின் வாசம் எடுபடாது. மேலும் அந்தப் பீப்பாய்கள் பல்லாண்டு சுழற்சியில் இருந்தவை, அவற்றை முகர்ந்து தேர்ந்தெடுக்கத் தனி ஆளும் இருந்தார். பொஹீமியாவில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 1842இல் தொடங்கிய பில்சன் ஆலையில் ஓக் பீப்பாயின் உட்புறம் முழுக்க உருக்கிய பிசினைப் பூசுவார்கள். அங்கே இன்றும் சில பீப்பாய்களில் அந்த வழக்கம் இருக்கிறது. ஓக் பீப்பாயில் முதிர்ந்த பில்சன் பீர் ஓக்கைத் தொட்டதே இல்லை.

இதில் சென்னைக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. லண்டன் கிழக்கே பௌ என்ற இடத்தில் இருந்த ஹாட்ஜ்சன் ஆலையின் வெளிர் பீரும், 1820களிலிருந்து பர்ட்டன் ஊரின் ஆல்சப் ஆலையின் பீரும் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி நாலைந்து மாதம் மரப் பீப்பாயில் குலுங்கித்தான் மதராசுக்கும் கல்கத்தாவுக்கும் வந்தன. இந்தியா பேல் ஏல் என்று பெயரிட்ட பீரில் ஓக் சீவல்களைப் போட்டு ஊறவைத்து, அந்தக் கப்பல் பயணத்தின் சுவை இது என்று விற்கும் வழக்கம் அமெரிக்கக் கைவினை பீர்க்காரர்களிடம் இருந்தது. பதப்படுத்திச் சுவை நீக்கிய பீப்பாயில் வந்த பீருக்கு அந்தச் சுவை இருந்திருக்க வழியில்லை. கோட்டையில் இறங்கிய பீப்பாயைத் திறந்தவர்கள் குடித்தது நிறைய ஹாப்ஸின் கசப்பும், வழியிலேயே வேலை செய்து முடித்த பிரெட்டனோமைசஸின் வறண்ட முடிப்பும்தான் என்று கொள்வதே பொருத்தம்.

பெருந்தொட்டிகளின் காலம் மெல்ல முடிந்தது. 19ஆம் நூற்றாண்டில் குடிப்பவர்களின் நாக்கு இளம் பீர் பக்கம் திரும்பியது. மாதக்கணக்கில் முதலை முடக்குவது நஷ்டம் என்று ஆலைக்காரர்களும் கணக்குப் போட்டார்கள். முதல் உலகப்போர் தானியத்தைக் கட்டுப்படுத்தியபோது காட்டமான பீர் என்பதே அரிதாயிற்று. பிறகு உலோகப் பீப்பாய்கள் வந்தன. ஆனாலும் பழைய வழி அடியோடு அழியவில்லை. இங்கிலாந்தில் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் ஊரின் கிரீன் கிங் ஆலையில் 12 சதவீத ஆல்கஹால் கொண்ட பீரை இரண்டு ஆண்டுக்கு மேல் மரத்தொட்டியில் கிடத்தி, தொட்டியின் மூடிமேல் அவ்வூர்ச் சுண்ணக் களிமண்ணைப் பரப்பிவைத்து, பின்னர் இளம் பீரோடு கலந்து விற்றார்கள். இன்னும் விரிவாக அதைக் காப்பாற்றியது பெல்ஜியத்தின் மேற்கு ஃபிளாண்டர்ஸ். ரூசலாரே ஊரில் ரோடன்பாக் குடும்பம் 1821இல் தொடங்கிய ஆலையில் 294 ஓக் தொட்டிகள் நிற்கின்றன. தரையிலிருந்து கூரை வரை நிமிர்ந்த பலகைகள், சிவப்புச் சாயம் பூசிய இரும்பு வளையங்கள். சிறியது 12,000 லிட்டர், பெரியது 65,000 லிட்டர். சிலவற்றுக்கு வயது 150க்கு மேல். குடும்பத்தின் வழிவந்த யூஜின் ரோடன்பாக் 1870களில் இங்கிலாந்து போய் போர்ட்டர் ஆலைகளில் இந்த முதிரவைப்பைக் கற்றுவந்தார் என்பது ஆலையின் வரலாறு. லண்டன் கைவிட்டதை ஃபிளாண்டர்ஸ் வளர்த்தெடுத்தது.

அப்படியானால் வெனிலாவும் தேங்காயும் எங்கிருந்து வந்தன? அமெரிக்கச் சட்டப் புத்தகத்திலிருந்து வந்தன. மதுவிலக்கு நீங்கிய பின் 1930களின் நடுவில் வந்த விதிகளின்படி, பர்பன் விஸ்கியை உட்புறம் கருக்கிய புது ஓக் கலத்தில்தான் முதிரவைக்க வேண்டும். ஒருமுறை பயன்படுத்திய பீப்பாயில் மறுபடி பர்பன் ஊற்ற முடியாது. எனவே கென்டக்கியிலிருந்து ஆண்டுதோறும் நல்ல நிலையில் உள்ள காலிப் பீப்பாய்கள் குவிந்தன. ஸ்காட்லாந்துக்கும் கரீபியன் தீவுகளுக்கும் போயின, மிளகாய்ச் சாறு தயாரிப்பவரிடம்கூடப் போயின. 1990களில் சிகாகோவின் கூஸ் ஐலண்ட் ஆலையில் கிரெக் ஹால், ஜிம் பீம் விஸ்கி வடித்த ஆறு பீப்பாய்களை வாங்கி அவற்றில் கறுத்த, காட்டமான ஸ்டவுட்டை நிரப்பினார். பீப்பாயின் பலகைக்குள் பல லிட்டர் பர்பன் ஊறிக்கிடந்தது. கருக்கிய ஓக்கிலிருந்து வெனிலினும், அமெரிக்க ஓக்கில் மிகுந்துள்ள தேங்காய் மணச் சேர்மங்களும் அதோடு இறங்கின. போட்டிக்கு அனுப்பியபோது அதை வைக்கப் பொருத்தமான பிரிவு நடுவர்களிடம் இருக்கவில்லை. பழைய மரபின் மீட்சி என்றால் எப்படி இப்படி நேரும்? வந்தது புதிய பண்டம். புதியதாகப் பார்த்தால் அது அருமையான கண்டுபிடிப்பு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வேறுபாடு எவ்வளவு ஆழமானது என்பதை 2015ஆம் ஆண்டுச் சரக்கு காட்டிவிட்டது. அந்த ஆண்டு இதே ஸ்டவுட்டின் சில தொகுதிகளில் லாக்டோபாசில்லஸ் வகை நுண்ணுயிர் ஒன்று புகுந்து புளிப்பேற்றிவிட்டது. ஆலை வெளிப்படையாக அறிவித்துப் பணத்தைத் திருப்பித் தந்தது. மறு ஆண்டிலிருந்து பீரைச் சூடேற்றி நுண்ணுயிரைக் கொன்ற பிறகே பாட்டிலில் அடைத்தது. அவர்கள் வாக்களித்த சுவைக்கு அது சரியான முடிவு. ஆனால் மரத்தில் கிடந்த பீரில் நுண்ணுயிர் வேலை செய்தது என்பது 1750இல் விலையேற்றத்துக்குக் காரணம், 2015இல் திரும்பப் பெறுவதற்குக் காரணம். ஒரே சொல்லால் இரண்டையும் அழைப்பதால் வரும் குழப்பத்தை இதைவிடத் தெளிவாகக் காண முடியாது.

இது சுவைக்கும்போது உதவுமா என்றால், மிகவும் உதவும். ரோடன்பாக் கிராண்ட் க்ரூவில் மூன்றில் இரண்டு பங்கு இரண்டாண்டு கிடந்த பீர், மீதி இளசு. அடி குவிந்த கண்ணாடிக் கோப்பையில் 10 டிகிரி குளிர்ச்சியில் ஊற்றினால் செம்மரக்கட்டை நிறம். மூக்கில் முதலில் ஏறுவது காடியின் கூர்மை, அதன் பின்னால் செர்ரிப் பழம். செர்ரி அதில் துளியும் சேர்க்கப்படவில்லை. நாக்கில் புளிப்பு விரிந்து அடங்கியதும் ஈறுகள் மெல்ல இறுகுகின்றன. இங்கே ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கு வசதி அதிகம். ஆங்கிலச் சுவைக் குறிப்புகளில் அந்த இறுக்கம் பெரும்பாலும் குறையாகவே பதிவாகிறது. நமக்கோ துவர்ப்பு அறுசுவையில் ஒன்று. பாக்கு, மாவடு, கடுக்காய் வழியே அது பழகிய நாக்கு நம்முடையது. வேதியியலும் ஒன்றுதான்: ஐரோப்பாவில் ஓக் பட்டையாலும் இங்கே கடுக்காய், ஆவாரம் பட்டையாலும் தோலைப் பதனிட்டதற்குக் காரணமான டானின்தான் ஈறையும் இறுக்குகிறது. 13, 14 சதவீத பர்பன் பீப்பாய் ஸ்டவுட்டை இந்த அளவுகோலால் அளக்கக் கூடாது. அதைக் குளிர் விட்ட பிறகு சிறு மிடறாக எடுக்க வேண்டும். வறுத்த மால்ட்டின் கசப்பைத் தாண்டி மரமும் விஸ்கியும் வருகின்றனவா, அல்லது அதை அமுக்கிவிடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். முன்னதில் வெனிலா வந்தால் குறை, பின்னதில் புளிப்பு வந்தால் குறை.

புளித்துப் போனதை விற்க அக்காலத்தார் கட்டிய பெருமைதானே இது, சுத்தம் தெரியாத காலத்தின் சமாதானத்தை மரபு என்கிறீர்களே என்று ஒருவர் கேட்கக்கூடும். காசு கொடுத்தவர்கள் அப்படி நடந்துகொள்ளவில்லை என்பதே என் பதில். இளசு பக்கத்திலேயே மலிவாகக் கிடைத்தபோதும் பழசைக் கேட்டு வாங்கினார்கள். அளவு மீறிக் காடியானதைப் பழசு என்று எவரும் ஏற்கவில்லை. முதிர்ந்ததற்கும் கெட்டதற்கும் நடுவே கோடு தெளிவாகவே இருந்தது. இன்னொரு ஆட்சேபம் இதைவிட வலுவானது. மரம் வெறும் பாத்திரம் என்றால் எஃகுத் தொட்டியில் பிரெட்டனோமைசஸைப் போட்டால் அதே பீர் வர வேண்டுமே, வரவில்லையே? உண்மை, வருவதில்லை. மரத்தின் வழியே கசியும் சிறிதளவு காற்றும், பலகையில் ஒன்றாய்க் குடியிருக்கும் பல நுண்ணுயிர்களின் கூட்டும், நூறாண்டு ஆகியும் அடங்காத கொஞ்சம் துவர்ப்பும் எஃகில் கிடையாது. மரம் தேவையே இல்லை என்று நான் சொல்லவில்லை. மரத்தின் வேலை வேறு, அதன் வாசம் வேறு. பழைய ஆட்கள் வேலையை வைத்துக்கொண்டு வாசத்தைக் கழுவி ஊற்றினார்கள் என்பதுதான் என் வாதம்.

ரூசலாரேயில் அந்த வேலை இன்றும் தினமும் நடக்கிறது. 294 தொட்டிகளும் ஒரே பீரால் நிறைந்தாலும் எந்த இரண்டும் ஒரே சுவையில் முதிர்வதில்லை. ஒன்றில் புளிப்பு முந்தும், ஒன்றில் பழவாசம் தங்கும், இன்னொன்று மந்தமாகவே கிடக்கும். கலப்பவர் தொட்டிதோறும் சிறு குழாயைத் திறந்து கோப்பையில் கொஞ்சம் பிடித்துச் சுவைத்து, எது எதோடு சேரும் என்று முடிவு செய்கிறார். அவற்றில் மிகச் சிறப்பாக முதிர்ந்த ஒரு தொட்டியின் பீரைத் தனியாகவும் பாட்டிலில் அடைப்பதுண்டு. அந்த லேபிளில் ஆண்டோடு தொட்டியின் எண்ணையும் அச்சிடுகிறார்கள்.